இரண்டு தரம் அடித்த தொலைபேசி

காலை பத்து பத்து. வரவேற்பு மேசையில் இருந்த பழைய தொலைபேசி இரண்டு தரம் அடித்து நின்றது.

நான் மேசைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் என்னைத் தூக்கி நிறுத்துவதற்குள் சத்தம் ஓய்ந்துவிட்டது. வெளியே கூடத்தில் வயதான ஆங்கிலப் பெண்மணி ஒருவர், செருப்பில்லாமல் கம்பளிக் காலுறையோடு, ஜன்னல் பக்கம் மெல்ல நடந்து போனார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த வாரத்தின் விதி.

அழைப்புக் குறிப்பேட்டைத் திறந்தேன். நேரம் என்ற கட்டத்தில் 10.10 என்று எழுதினேன். யார் என்ற கட்டத்தில் 'தவறான எண்' என்று எழுதி, கீழே ஒரு கோடு போட்டு மூடினேன்.

அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி.

என்னை வாசித்துவருபவர்களுக்கு நான் தேதி பிடித்தவன் என்பது தெரியும். "ஐயா, வாசகர்கள் சம்பவத்தைத்தான் தேடுகிறார்கள், தேதியை அல்ல" என்று பத்திரிகை ஆசிரியர் அண்மையில் பணிவாகச் சொன்னார். ஆகவே 2009, வசந்தகாலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாள், கிழமை, அன்று பெய்த மழை எல்லாம் நாட்குறிப்பில் பத்திரமாக இருக்கின்றன.

இடது பக்க ஸ்டியரிங்

கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் செய்த முதல் காரியம், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய கேம்பர் வான் வாங்கியது. லண்டனுக்கு வருமுன் நாங்கள் ஜெர்மனியில் இருந்தவர்கள். அங்கே கூட வேலை செய்த ஒருவர் தன் வானைக் கழிக்கப் போவதாகச் சொன்னார். போய் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

ஜெர்மன் வண்டி. ஸ்டியரிங் இடது பக்கம், ஆட்கள் ஏறி இறங்கும் கதவு வலது பக்கம். லண்டன் தெருவில் ஓரமாக நிறுத்தினால், என் மனைவி பவளம் நேரே போக்குவரத்துக்குள்தான் இறங்க வேண்டும்.

"இஞ்சாருங்கோ, என்னைக் கொல்லுறதுக்கு இவ்வளவு தூரம் போய் வாங்கியிருக்கத் தேவையில்லை" என்றாள் முதல் நாள்.

பயணநூல்கள் ஒரு அலுமாரி நிறைய வாசித்தவன் நான். அவற்றில் எதிலும் கழிவறைப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு மழையில் நடப்பதைப் பற்றி எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு காலையும் கட்டிலை மடித்து மேசையாக்க வேண்டும், ஒவ்வொரு இரவும் மேசையை மடித்துக் கட்டிலாக்க வேண்டும். காலையில் எனக்குக் கொஞ்ச நேரம் கூடப் படுக்க வேண்டும் என்றால், பவளம் தேத்தண்ணீரை நின்றபடிதான் குடிக்க வேண்டும்.

லண்டன் ஸ்ட்ரெதத்தில் இருந்த எங்கள் வீட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் புறப்பட்டோம். பவளம் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம், நான் சைவக்காரன். வழியைக் கண்டுபிடித்தது அவள்தான். நாடெங்கும் கிறிஸ்தவத் தியான இல்லங்கள் இருக்கின்றன. நாளுக்கு நாலு மணி நேரம் தொண்டு வேலை செய்தால், வானை நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர், மத்தியானச் சாப்பாடு தருவார்கள். வேல்ஸில் ஒரு குன்றின் மேல் உருளைக்கிழங்கு உரித்தோம். யோர்க்ஷயரில் ஒரு தேவாலயத்தின் வாங்குப் பலகைகளுக்கு மெழுகு பூசினோம். ஸ்கொட்லாந்துக் கரையில் காற்று வானை ஆட்டிய ஆட்டத்தில் மூன்று நாள் சமைக்கவில்லை.

தை மாதம் வந்தபோது எங்கள் பயணம் உண்மையில் முடிந்துவிட்டது. வான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

சீலன்

பவளத்துக்கு ஒரே தம்பி, ஜெயசீலன். வன்னியில் இருந்தான். மனைவி, இரண்டு பிள்ளைகள். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அந்த மாதங்களில் வன்னியில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எங்களைப் போன்ற ஒவ்வொரு வீடும் அதை அறியும். லண்டனுக்குத் திரும்பி வந்தோம். வீடு வாடகையில் இருந்ததால் வானிலேயே இருந்தோம். போரை நிறுத்தக் கேட்டுப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனத்தோடு சனமாகப் பவளம் போய் நின்றாள், கால் வீங்கி, செருப்பு ஏறாமல் போகும் மட்டும். பிறகு நிற்க ஏலாமல் போயிற்று. வானுக்குள் உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு இன்னொரு பாரமும் இருந்தது. சமாதான காலத்தில் சீலனுக்கு வெளிநாடு போக ஒரு வழி திறந்தது. அவன் என்னிடம்தான் கேட்டான். "அத்தான், நீங்கள் பேப்பர் படிக்கிற ஆள். சொல்லுங்கோ, வெளிக்கிடட்டோ?"

"இனிச் சண்டை வராது. இருக்கிற காசுக்கு அங்கேயே ஒரு கடையைப் போடு" என்றேன்.

அவன் கடை போட்டான். நான் சொன்ன நாளும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அந்த வசந்தத்தில் அந்தப் பக்கத்தை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன் என்பதை மட்டும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

மௌன வாரம்

சட்டனுக்கு அப்பால், லண்டன் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு தியான இல்லம். சரிவுக்குக் கீழே இருந்ததால் அங்கே கைத்தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. பவளத்துக்கு அதுவே முதல் தடை. வவுனியாவில் இருந்த என் மச்சாளுக்கு இல்லத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, "சீலன் எப்பிடியாவது தொடர்பு கொண்டால் இதைக் குடுங்கோ" என்று சொல்லிவைத்த பிறகுதான் வானை உள்ளே விடச் சம்மதித்தாள்.

இல்லத்தை நடத்தியவர் மார்கரெட் என்ற ஓய்வு பெற்ற ஆசிரியை. நெடிய உருவம், பெரிய கைகள். பவளத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துணி அறையை அவளிடம் கொடுத்தார். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு வரவேற்பு மேசையை என்னிடம் கொடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த வாரம் மௌனத் தியானம் தொடங்கியது. இருபது பேர் வந்திருந்தார்கள். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் விரலால் காட்ட வேண்டும். தொண்டர்களும் வீட்டுக்குள் பேசக் கூடாது. மார்கரெட் எங்களுக்கான வேலைகளைச் சின்னக் கடதாசித் துண்டுகளில் எழுதித் தந்தார். தொலைபேசியின் மணியைத் தணித்து வைத்திருந்தார்கள்.

பேசாத மனிதர்கள் நடுவில் இருப்பது களைப்புக்கு நல்ல மருந்து என்று நான் வாசித்திருக்கிறேன். அது சரியில்லை. பேச்சு இல்லாதபோது உள்ளே ஓடுவது இன்னும் தெளிவாகக் கேட்கும். பவளம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டபடி இருப்பாள். ஒரே விரிப்பை இரண்டு தரம் போடுவாள். மத்தியானம் சூப்பில் கரண்டியை விட்டு எடுத்து, விட்டு எடுத்து, கடைசியில் கிண்ணத்தை அப்படியே கொண்டுபோய் வைப்பாள்.

போய்ச் சேர்ந்தால் ரெண்டு ரிங்

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஊருக்குத் தொலைபேசி எடுப்பது பெரிய செலவு. ஆகவே எல்லாக் குடும்பங்களையும் போல எங்களுக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. பயணம் போனவர் போய்ச் சேர்ந்ததும் இரண்டு தரம் மணியடிக்க விட்டு வைத்துவிட வேண்டும். மற்றப் பக்கம் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும். இரண்டு ரிங் என்றால் சுகமாகச் சேர்ந்தாயிற்று. மூன்றாவதும் அடித்தால் விஷயம் இருக்கிறது, எடு.

காசு பிரச்சினை தீர்ந்த பிறகும் ஏற்பாடு போகவில்லை. கடைசித் தடவை நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றுமுன் பவளம் சீலனுக்கு இரண்டு ரிங் விட்டாள். வேல்ஸ், ஸ்கொட்லாந்து என்று வான் எங்கே போய் நின்றாலும் வால்தம்ஸ்டோவில் இருக்கும் எங்கள் மகளுக்கு இரண்டு ரிங்.

"அம்மா, ஒரு டெக்ஸ்ட் போடுங்கோவன். மீட்டிங்குக்குள்ள எனக்குத் தலை சுத்துது" என்பாள் மகள்.

"டெக்ஸ்டை ஆரும் போடலாம்" என்பாள் பவளம். "ரெண்டு ரிங் எண்டால் அது நாங்கள்தான்."

நாலு வரி

மௌன வாரத்தின் நாலாம் நாள் பின்னேரம், வானுக்குள் இருந்தேன். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. இல்லத்தின் குறிப்பேட்டில் நான் அன்றன்று எழுதுவதை என் சொந்த நாட்குறிப்பிலும் ஒரு பிரதி எழுதிக்கொள்வது என் பழக்கம். யாருக்கும் உபயோகமில்லாத பழக்கம் என்று பவளம் சொல்வாள். அவள் அடுப்பருகே லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். எழுதும்போது வாய்விட்டு வாசிப்பதும் என் பழக்கம்.

"பத்து பத்து. ரெண்டு ரிங். தவறான எண்" என்று வாசித்தேன்.

கத்திச் சத்தம் நின்றது.

"என்ன சொன்னனீங்கள்?"

"ஆரோ தெரியாமல் அடிக்கினம். எடுக்கிறதுக்குள்ள நிண்டுடும்."

"எத்தினை ரிங்?"

"ரெண்டு."

"நேற்று?"

பக்கத்தைத் திருப்பினேன். "ரெண்டு."

"முந்தநாள்?"

இன்னும் இரண்டு பக்கம் திருப்பினேன். என் கையெழுத்தில், பக்கத்துக்கு ஒன்றாக, நாலு நாளும் நாலு வரி. நாலு தரமும் அதே பத்து பத்து. நாலு தரமும் தவறான எண்.

பவளம் கத்தியை வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மகளாக இருக்குமோ?" என்று மட்டும் கேட்டாள். சரிவில் ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, மழையில் மகளுக்கு எடுத்தோம். அடித்தது அவள் இல்லை. மச்சாளுக்கு எடுத்தோம். அவவும் அடிக்கவில்லை, ஆனால் எண்ணை வன்னிச் சனத்தை வைத்திருக்கிற முகாம் பக்கம் போய்வருகிற இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னா.

இறங்கிவந்து, வரவேற்பு மேசையில், கடைசியாக அழைத்த எண்ணைச் சொல்லும் சேவைக்கு அடித்தேன். எண் கிடைக்கவில்லை என்றது இயந்திரக் குரல். வெளிநாட்டு அழைப்பென்றால் அப்படித்தான் சொல்லும். இங்கே பத்து பத்து என்றால் அங்கே பிற்பகல் இரண்டு நாற்பது. முகாமில் சாப்பாட்டு வரிசை ஓய்ந்திருக்கும். யாரிடமாவது ஒரு தொலைபேசியைக் கெஞ்சி வாங்க அது ஏற்ற நேரம். இரவல் தொலைபேசியில் இரண்டு ரிங்குக்கு மேல் யார் விடுவார்கள்? தேதி பிடித்தவன் ஒருவன் நம்புவதற்கு இவ்வளவும் போதும்.

பத்து பத்து

மறுநாள் காலை பவளம் ஒரு கடதாசித் துண்டில், தொலைபேசிக்குப் பக்கத்தில் தான் கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று ஆங்கிலத்தில் எழுதி மார்கரெட்டிடம் நீட்டினாள். மார்கரெட் வாசித்தார். பதில் எழுதப் பென்சிலை எடுத்தவர், அதைத் திரும்பவும் சட்டைப் பையில் போட்டார்.

"எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு" என்றார், வாய்திறந்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும். ஜன்னலருகே நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

பவளம் மேசையில் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். கூடத்தில் மெழுகின் மணமும் ஈரக் கோட்டுகளின் மணமும் கலந்திருந்தன. அவள் வலது கையைத் தொலைபேசியின் மேல், தொடாமல், ஒரு விரல் உயரத்தில் பிடித்திருந்தாள்.

அடித்தது.

இரண்டாம் தரம் அடித்தது. மூன்றாவது அடிக்கக் கூடாதென்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை.

பிறகு குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்து, என் நாலு வரிகளில் 'தவறான எண்' என்பதை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒவ்வொன்றுக்கும் மேலே தமிழில் 'தம்பி' என்று எழுதினாள். ஐந்தாவது வரியில் நேரத்தையும் எழுதி, 'தம்பி' என்று எழுதினாள். அன்று என் நாட்குறிப்பிலும் அப்படியே மாற்றிக்கொண்டேன்.

மார்கரெட் பின்னர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அது என்ன எழுத்து என்று கேட்கவில்லை.

அன்று பின்னேரம் வானில் சோறும் பருப்பும் லீக்ஸ் வறையும் இருந்தன. பவளம் சாப்பிட்டாள். நாட்குறிப்பில் அப்படியே இருக்கிறது: 'பவளம் சாப்பிட்டாள்.' அதற்குப் பிறகு ஒன்பது நாள், ஒவ்வொரு காலையும் அவள் மேசைக்குப் போனாள். ஒவ்வொரு காலையும் அந்தக் கட்டத்தில் தம்பி என்று எழுதினாள். மௌன வாரம் முடிந்து அந்த இருபது பேரும் பேசிச் சிரித்துக்கொண்டு கார்களில் ஏறிப் போன பிறகும் எழுதினாள்.

பத்தாம் நாள் அடிக்கவில்லை. அவள் குறிப்பேட்டை மூடி வைத்தாள். "போன் குடுத்த ஆள் வேறை இடத்துக்கு மாறியிருக்கும்" என்று நான்தான் சொன்னேன். அவள் ஓம் என்றாள்.

வைகாசிக்குப் பிறகு

வைகாசி வந்தது. சண்டை முடிந்தது என்றார்கள். மார்கரெட் எங்களை இருக்கச் சொன்னார், இருந்தோம். விரிப்புகளைத் துவைத்தோம், மடித்தோம், விரித்தோம். நல்லதோ கெட்டதோ ஒரு செய்தியும் வராத அந்தக் கோடையை நாங்கள் கடந்தது அந்தப் பதினான்கு வரிகளைப் பிடித்துக்கொண்டுதான்.

இலையுதிர்காலத்தில் ஸ்ட்ரெதம் வீட்டுக்குத் திரும்பினோம். வந்த இரண்டாம் கிழமை ஒரு காலை, தொலைபேசி அடித்தது. மூன்றாவது, நாலாவது என்று அடித்துக்கொண்டே இருந்தது. நான்தான் எடுத்தேன்.

"அத்தான்" என்றது குரல்.

மனைவி, பிள்ளைகள் எல்லோரும் உயிரோடு இருப்பதாகச் சொன்னான். தனக்கு ஒரு காது கேட்காதென்றான். பவளம் மேல்மாடியில் குளியலறை கழுவிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடுமுன் நான் அவசரமாகக் கேட்டேன், "சித்திரையில அடிச்சனீதானே? ரெண்டு ரிங்?"

"சித்திரையிலயோ?" அவன் கொஞ்சம் யோசித்தான். "அங்கை ஏது அத்தான் போன்? நாங்கள் பங்கருக்குள்ள கிடந்தம். வைகாசி கடைசியிலதான் முகாமுக்கு வந்தது. உங்கட நம்பரே போன கிழமைதான் கிடைச்சது."

பவளம் ஈரக் கையோடு படியில் இறங்கி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இருக்கிறான்" என்று சொல்லித் தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன்.

அவர்கள் பேசி முடித்த பிறகு, "சித்திரையில அடிச்சதை அவன் சொன்னவனோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

முப்பது வருடத்துக்கு மேல் நாட்குறிப்பு எழுதுகிறேன். பிழையென்று தெரிந்தும் திருத்தாமல் விட்டது அந்தப் பதினான்கு வரிகளை மட்டும்தான்.

திருத்தம்

இதுவரை எழுதியதைப் போன கிழமை பவளத்திடம் கொடுத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு அச்சில் பார்த்து அவள் அறிவதைவிட என் கையால் அறிவது நல்லதென்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் வாசித்தாள். நான் பாத்திரம் கழுவினேன். கழுவியதையே திரும்பவும் கழுவினேன்.

"நல்லா இருக்கு" என்றாள். "ஒரு பிழை இருக்கு."

"தேதியோ?"

"தேதி உங்களுக்குப் பிழைக்குமோ?" கண்ணாடியைக் கழற்றினாள். "நான் முதல் முதல் மேசையில இருந்ததுக்கு அடுத்த நாள், நீங்கள் காஸ் சிலிண்டர் மாத்தப் போனனீங்கள். நான் தனிய இருந்தன். அடிச்சுது. கை கேக்கேல்லை. எடுத்திட்டன்."

நான் குழாயை மூடினேன்.

"ஒரு பெட்டையின்ர குரல். ரெக்கோர்ட் பண்ணி வைச்சது. உங்கட வீட்டுக்குப் புது ஜன்னல் போட விருப்பமோ எண்டு கேட்டுது."

"எடுத்தனீரோ? பிறகும் எட்டு நாள் தம்பி எண்டு எழுதினீரே."

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் கடதாசிகளை ஒழுங்காக அடுக்கி, விளிம்பைத் தட்டி, என் பக்கம் தள்ளினாள்.

"முதல் நாள் பின்னேரம் நீங்கள் ரெண்டாந்தரம் சோறு கேட்டனீங்கள்" என்றாள். "தை மாசத்துக்குப் பிறகு அண்டைக்குத்தான்."

அவள் படுக்கப் போன பிறகு அந்த வருட நாட்குறிப்பை எடுத்துத் தேடினேன். அன்றைய பக்கத்தில் மழை இருக்கிறது, பருப்பு இருக்கிறது, லீக்ஸ் வறை இருக்கிறது. பவளம் சாப்பிட்டாள் என்று இருக்கிறது. நான் சாப்பிட்டதை எழுதவில்லை.